எண்பத்து நான்கு கையெழுத்து

ரொட்டிக்காரருக்குத் தூக்கம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். ஊர் உறங்கும் நேரத்தில் மாவு பிசைந்து, விடிந்ததும் தட்டுத் தட்டாக ரொட்டியைக் கடைக்கு அனுப்பி, மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். குளித்து, கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் நாலு மணி வரை அசைய மாட்டார். இடி விழுந்தாலும் எழமாட்டார் என்று மனைவி ஊரெல்லாம் பெருமை பேசுவாள். இடிக்கு எழாத மனிதர் ஒரு பலகைச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தார்.

நாலு சக்கரம் வைத்த ஸ்கேட்போர்டு அது. அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நேர் எதிரே நகராட்சியின் பழைய நீச்சல் குளம் இருந்தது. தண்ணீரை வடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. தரை விரிசல் விட்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ஒரு காவலாளியையும் உட்காரவைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி அகலமான சிமென்ட் படிகள். அங்கேதான் ஏழெட்டு இளைஞர்கள் பலகையும் கையுமாகக் கூடுவார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. உருண்டு வந்து, பலகையோடு எகிறி, படி விளிம்பின் இரும்புப் பட்டையில் உரசிக்கொண்டே போய்க் கீழே இறங்கும்போது ஒரு 'டப்'. சக்கரம் உருளுவதையாவது மழை என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். அந்த 'டப்' நெற்றிப் பொட்டில் ஆணி அடித்த மாதிரி இறங்கும்.

திட்டிப் பார்த்தார். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு நோட்டு வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விழிக்கும்போதெல்லாம் தேதி, கிழமை, மணி. ஒரு 'டப்'புக்கு ஒரு கோடு. உப்பைக்கூடக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போட்டே பழகிய கை, கோபத்தையும் நிறுத்துத்தான் வைத்தது.

"இதை எழுதி யாருக்குங்க காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

"காட்ட ஆள் வரும் பாரு."

ஆள் வருவதற்கு முன்னால் அறிவிப்பு வந்தது. நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடிவிட்டு, அந்த இடத்தில் நகராட்சி ஸ்கேட் பார்க் கட்டப்போகிறதாம். பொதுமக்களிடம் கருத்துக் கேட்க மூன்று கூட்டம், நூலகத்து மாடியில். வேலியில் ஒட்டியிருந்த வரைபடத்தை ரொட்டிக்காரர் இரண்டு முறை படித்தார். ஏழெட்டுப் பேர் வந்ததற்கே இந்தப் பாடு. இனி ஊரே பலகையோடு வந்து அவர் ஜன்னலுக்குக் கீழே குதிக்கும்.

அன்றைக்கே ஒரு மனு எழுதினார். எட்டு நாள், தூங்கி எழுந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்தத் தெருவில் அவர் ரொட்டியைத் தின்னாத வாய் இல்லை. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பாதிப் பேர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கினார்கள். படித்துவிட்டுப் போட்ட ஒரே ஆள் நாலாம் மாடி டைப்பிஸ்ட் அக்காதான். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவர். தனி ஆள்.

"எதிர்ப்புக்கும் தெரிவிக்கிறோமுக்கும் நடுவுல ஒரு 'த்' வரணும்" என்று சொல்லித் தன் பேனாவால் அதைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். "எதிர்க்கறதுன்னா பிழையில்லாம எதிர்க்கணும் தம்பி."

மொத்தம் எண்பத்து நான்கு. முதல் கையெழுத்து ரொட்டிக்காரருடையது.

நூலகத்து மாடியில் மேடையும் மைக்கும் இருக்கும், மனுவை வாசித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அங்கே மேடையே இல்லை. வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் பெரிய தாள், வண்ணப் பென்சில்கள், பிள்ளைகள் விளையாடும் களிமண். கொண்டையில் பென்சில் செருகியிருந்த ஒரு பெண் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள். நகராட்சிப் பொறியாளர் அவள்தான். மனுவை நீட்டியதும் வாங்காமல் தலைப்பை மட்டும் படித்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். மூணாவது கூட்டத்துல வாங்கிக்கறேன். அதுக்குள்ள யாராவது சேரலாம், யாராவது விலகலாம்."

"விலக மாட்டாங்க மேடம்."

"சரி சார். இப்ப அந்த மேசையில உக்காருங்க."

அந்த மேசையில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒட்ட வெட்டிய முடி, முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு. மருந்துக் கடையில் வேலை. கொஞ்சம் லீவு கிடைத்தால் பலகையோடு படிக்கு வந்துவிடுவாள். கூட்டாளிகள் எல்லாரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். தன் தூக்கத்தைத் தின்றவர்களில் ஒருத்தியை ரொட்டிக்காரர் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று தெரியாமல் களிமண்ணை எடுத்தார். எடுத்த கை தானாகவே பிசைய ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் அருமையான ஒரு பன் தயார்.

"சூப்பரா இருக்குண்ணா. ஆனா இதுல உருள முடியாதே" என்றாள் குருவி.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதை அடக்கத்தான் நோட்டை எடுத்துத் திறந்தார். "இதைப் பாரும்மா. பதினாலு வாரம். ஒவ்வொரு கோடும் நீங்க என்னை எழுப்பின தடவை."

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "ஐயோ, இவ்வளவா" என்று மெல்லச் சொன்னாள். நாலைந்து பக்கம் போனதும் விரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினாள்.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"அன்னிக்கு நீங்க வரமாட்டீங்க போல."

"செவ்வாய்க்கிழமைதான் எல்லாரும் வருவோம்ணா! அன்னிக்குக் காவலாளிக்கு லீவு. வேலி ஏறிக் குதிச்சு குளத்துக்குள்ள இறங்கிருவோம். மூணு மணி நேரம் ஆடுவோம்."

ரொட்டிக்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். பதினாலு செவ்வாய், ஒரு கோடு இல்லை. அவர்கள் அதிகமாகக் குதித்த நாளில்தான் அவர் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியிருக்கிறார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினாள். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "குளத்தை மூடி, மேல கட்டறதாத்தான் என் பிளான். மூடினா சத்தம் தரைக்கு மேல வந்துரும். அந்தக் குளத்துச் சுவர்தான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. இந்த நோட்டை நான் ஒரு வாரம் வெச்சுக்கலாமா சார்?"

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள். "என்னங்க, மனுவைக் குடுத்தாச்சா?"

"இல்ல. நோட்டைக் குடுத்துட்டேன்."

நடந்ததைச் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பதினாலு வாரம் கோடு போட்டு வெச்சுக்கிட்டவரு நீங்க ஒருத்தருதான்."

அவளால் சிரிக்க முடிந்தது. அவருக்கு மனுதான் உறுத்தியது. குளத்துக்குள்ளேயே கட்டினால் தனக்குத் தொந்தரவு இல்லை என்று தெரிந்துபோயிற்று. ஆனால் எண்பத்து மூன்று பேர் அவர் சொல்லை நம்பிப் போட்ட கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது. பேசாமல் தாளைக் கிழித்துப் போடலாம். ஆனால் போட்டது அவர்கள் கை, கிழிக்க இவர் யார்? அப்படியே கொடுக்கலாம், தெரிந்தும் மறைத்ததாகும். இரண்டு நாள் ரொட்டி சரியாக உப்பவில்லை. மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

கையெழுத்து வாங்கப் போனபோது எட்டு நாள் போதுமானதாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது மூன்று வாரம் பிடித்தது. வாங்கும்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது எல்லாரும் கேட்டார்கள்.

"உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்று நேராகவே கேட்டார் தையல்காரர்.

"ஒண்ணும் குடுக்கலை."

"ஒண்ணும் குடுக்காமலா ஒரு மனுஷன் இப்படிக் கவுந்தடிச்சுப் படுப்பான்? அன்னிக்கு வேண்டாம்னீங்க. இன்னிக்கு வேணும்கறீங்க. நாளைக்கு?"

"நாளைக்கு என்ன தெரியும்னு எனக்கே தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சதைச் சொல்ல வந்தேன். கையெழுத்தை வெச்சுக்கறதும் அடிக்கறதும் உங்க இஷ்டம்."

தையல்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு சிலர் கேட்டுவிட்டுத் தங்கள் பெயரின் மேல் தாங்களே ஒரு கோடு கிழித்தார்கள். சிலர், எதற்குப் போட்டோம் என்பதையே மறந்திருந்தார்கள். ஒரு வீட்டில், பார்க் வந்தால் தன் மகளும் போவாள் என்று சந்தோஷமாகவே அடித்துக்கொடுத்தார்கள். ஒவ்வொரு படியும் ஏறும்போது ரொட்டிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும்போது கொஞ்சம் இலேசாக இருந்தது.

நாலாம் மாடிக்குக் கடைசியாகத்தான் போனார். டைப்பிஸ்ட் அக்கா முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து, "உள்ள வாங்க" என்றார்.

ஜன்னலோரம் மேசை, அதன் மேல் கணினி, ஹெட்போன், மேசைக்கடியில் காலால் அழுத்தும் ஒரு பெடல். ஓய்வு பெற்ற பிறகும் அக்காவுக்கு வேலை இருந்தது. விசாரணைகளின் ஒலிப்பதிவு வரும். கேட்டுக் கேட்டு ஒரு சொல் விடாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். சரியாகக் கேட்காத இடத்தில் காலால் மிதித்தால் பதிவு பின்னால் போகும்.

"இடது காது ரெண்டு வருஷமா மந்தம். யாருக்கும் சொல்லலை, சொன்னா வேலை போயிரும்" என்றார் அக்கா. "சாட்சி 'ஆமா'ங்கறானா 'ஆனா'ங்கறானான்னு கேக்கணும். அந்த நேரம் பாத்து அங்க ஒரு டப்பு. பின்னாடி போவேன். திரும்பவும் டப்பு. இந்த ஜன்னல்ல நின்னு பாருங்க."

பார்த்தார். அவர் வீடு இருந்த முதல் மாடியிலிருந்து பார்த்தால் குளத்தின் விளிம்பு மட்டும்தான் தெரியும். இங்கிருந்து குளம் கழுவிக் கவிழ்க்காத பாத்திரம் மாதிரி அடிவரை தெரிந்தது.

"சுவர் உங்களை மறைக்குது தம்பி. என்னை எது மறைக்குது? செவ்வாய்க்கிழமையும் எனக்குக் கேட்டுச்சு. கையெழுத்துக் கேட்டு வந்தீங்களே, எனக்கு எப்பக் கேக்குது, என்ன கேக்குதுன்னு கேட்டீங்களா?"

மூன்று வாரமாக வாங்கிய திட்டெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது என்று ரொட்டிக்காரருக்குத் தோன்றியது.

"கேக்கலை அக்கா."

"என் கையெழுத்து அங்கேயே இருக்கட்டும்."

இரண்டாவது கூட்டத்தில் பொறியாளர் புது வரைபடத்தோடு வந்திருந்தாள். குளம் குளமாகவே இருந்தது. பள்ளத்துக்குள் சரிவுகள், படிகள், இரும்புக் கம்பிகள். குருவியும் கூட்டாளிகளும் கை தட்டினார்கள். தட்டி முடியும் வரை பொறுத்திருந்து ரொட்டிக்காரர் எழுந்தார்.

"எனக்கு இது சரிதான் மேடம். நாலாம் மாடிக்குச் சரியில்ல." அக்காவின் காது விஷயத்தை விட்டுவிட்டு, வேலையையும் ஜன்னலையும் மட்டும் சொன்னார்.

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்துவாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் முனகினான்.

"போன மாசம் வரைக்கும் இவரும் அந்த ஒருத்தர்தான்டா" என்றாள் குருவி.

பொறியாளர் பென்சிலைப் பல்லில் கடித்தபடி வரைபடத்தைச் சுருட்டினாள். "இங்க உக்காந்து ஊகிக்க வேண்டாம். சனிக்கிழமை அவங்க வீட்டுக்கே போய்க் கேப்போம்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காவலாளியே வேலிக் கதவைத் திறந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் குருவி வாசல் வழியாகக் குளத்துக்குள் போனாள். மேலே ஜன்னலில் ரொட்டிக்காரரும் பொறியாளரும். அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் தொந்தரவாக இருந்தால் விரலைத் தூக்குவது என்று ஏற்பாடு.

தூரத்து ஓரத்தில் குருவி குதித்தாள். விரல் உயர்ந்தது. நடுக்குளத்தில் குதித்தாள். உயர்ந்தது. இடது ஓரம், வலது ஓரம் என்று எங்கே குதித்தாலும் விரல் விடாமல் உயர்ந்தது. ரொட்டிக்காரருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பொறியாளர் போனில், "சரிம்மா, போதும், வெளிய வந்துரு" என்றாள்.

வெளியே வரும் ஏணி கட்டடத்துக்குக் கிட்டத்தில், ஆழமான பக்கத்தில் இருந்தது. குருவி பலகையில் உருண்டபடி அந்தப் பக்கம் வந்தாள். முதலில் அவள் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு தலை.

"எங்க போயிட்டா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார் ரொட்டிக்காரர்.

பொறியாளர் சட்டென்று அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "இந்தப் பக்கத்துச் சுவர்! அதுக்கு அடியில போயிட்டா. இங்கிருந்து தெரியலை." போனை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டாள். "அங்கேயே குதிம்மா!"

மூன்று முறை குதித்தாள். அக்காவின் விரல் பாதி எழுந்து, யோசித்து, இறங்கியது.

"கேக்குது" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆனா அடுத்த வீட்டுல யாரோ கதவைச் சாத்தற மாதிரி இருக்கு. மண்டைக்குள்ள இல்ல."

சத்தம் போடும் படிகளையும் கம்பிகளையும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் எல்லா வரைபடத்திலும் போட்டிருந்தார்கள். இப்போது அவை கட்டடத்துப் பக்கமிருந்த சுவரை ஒட்டியே வரவேண்டும் என்று ஆயிற்று. இதைக் கேட்டபோது ரொட்டிக்காரர் மனைவி மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தள்ளி வையின்னு சண்டைக்குப் போனவரு, மடியில தூக்கி வெச்சுக்கிட்டு வந்திருக்காரே!"

ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. ஆழமான பக்கத்தில் இடம் குறுகல். வேகம் எடுக்க ஓடுதளம் போதாது. எட்டுப் படி வரைந்திருந்த இடத்தில் ஐந்துதான் கொள்ளும். நீளக் கம்பி கிடையாது. குருவியின் கூட்டாளிகள் அவளோடு சண்டை போட்டார்கள். எட்டுப் படியைத் தாண்டுவதற்காகவே வருஷக்கணக்கில் விழுந்து எழுந்தவள் அவள். அந்தப் படத்தை வரைந்ததும் அவள் கைதான். பொறியாளர் அழிப்பானை எடுத்தபோது குருவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அஞ்சு போதும்" என்றாள். "எட்டுதான் வேணும்னா இன்னும் ஒன்பது வருஷம் வேலிதான் ஏறணும்."

ரொட்டிக்காரர் அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தார். நன்றி என்று சொன்னால் கேலி மாதிரி இருக்கும். கடையில் மீதமிருந்த இரண்டு பன்னைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இது நிஜ பன்" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது கூட்டத்துக்கு நகராட்சித் தலைவரும் வந்திருந்தார். ரொட்டிக்காரர் மனுவை நீட்டினார். எண்பத்து நான்கு பெயர்களில் ஐம்பத்தொன்பதின் மேல் கோடு. மீதி இருபத்தைந்து அப்படியே. முதல் பெயரின் மேலும் கோடு இருந்தது. அதை அன்று காலைதான் அடித்தார்.

"பரவால்லையே, எதிர்ப்பு போயிருச்சு!" என்று தலைவர் தாளை மடிக்கப் போனார்.

"போகலை சார். இருபத்தஞ்சு இருக்கு. பின்னாடி ஒரு தாள் வெச்சிருக்கேன். திரும்பவும் போய்க் கேட்டு, அவங்க எந்த மாடி, என்ன வேலை, எந்த நேரம் தொந்தரவுன்னு அவங்க சொன்னபடியே எழுதியிருக்கேன். அதையும் படிச்சிருங்க."

தலைவர் கண்ணாடியைத் தேடினார். தாளைப் பொறியாளரே வாங்கி வாசித்தாள். தையல்காரர் சொன்னது: நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். நாலாம் மாடி சொன்னது: சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை, காலையில்தான் எனக்கு வேலை. ஒவ்வொன்றையும் வாசித்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. வேலை நாட்களில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை படிகளிலும் கம்பிகளிலும் யாரும் ஏறக்கூடாது, சரிவில் உருளலாம் என்று ஒரு நிபந்தனையை முன்வைத்தார்கள். குருவி தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தாள். முனகியவன் உட்பட எல்லாரும் கை தூக்கினார்கள், ஒருவன் மட்டும் அரைக் கை.

கட்டி முடிக்கப் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் கான்கிரீட் மெஷின் போட்ட சத்தத்தில் ரொட்டிக்காரர் தங்கை வீட்டில்தான் தூங்கினார். அதைப் பற்றி யாரும் அவரிடம் கருத்துக் கேட்கவில்லை.

திறந்த பிறகு தூக்கம் ஒருவாறு திரும்பிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு தடவை விழிப்பு வரும்; எந்தப் படியில் குதித்தார்கள் என்று படுத்தபடியே தெரிந்துவிடும்; புரண்டு படுப்பார். தையல்காரர் அன்று கதவைச் சாத்தியதிலிருந்து வேறு கடையில்தான் ரொட்டி வாங்கினார்.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். அவரை எழுப்பியது பலகை இல்லை. நாலாம் மாடியிலிருந்து ஒரு குரல்.

"ஏ குருவி! ரெண்டாவது கம்பி, அடிப்பக்கம். ஒரு போல்ட் ஆடுது. ரெண்டு நாளா கிலுகிலுங்குது, உங்க யாரு காதுலயும் விழலையா?"

சக்கரச் சத்தம் நின்றது. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து குருவியின் குரல் ஆச்சரியத்தோடு மேலே வந்தது. "ஆமாக்கா! கையால ஆட்டினா ஆடுது!"

"யாராவது விழுந்து கையக் கால உடைச்சுக்கறதுக்குள்ள முறுக்கு!"

"ஸ்பேனர் இல்லக்கா!"

ரொட்டிக்காரர் திரைச்சீலைக்குப் பின்னால் கண் விழித்துப் படுத்திருந்தார். நகராட்சிக்குச் சொன்னால் ஆள் வர ரெண்டு நாளாகும். எழுந்தார். மாவு பிசையும் மெஷினுக்காக வைத்திருந்த ஸ்பேனர்களில் பெரியது ஒன்றையும் சின்னது ஒன்றையும் எடுத்துக்கொண்டு, எது பொருந்தும் என்று தெரியாமலே, தூக்கக் கலக்கத்தோடு படியிறங்கினார்.